சம்மதம் கேட்க மாடிக்கு வந்த மூன்று பேர்

மாமா, நீங்கள் பொய் சொன்னீர்கள். என் தங்கை சம்மதம் சொல்லவில்லை. சொல்லிவிட்டாள் என்று கீழே இறங்கிப் போய் மண்டபம் நிறைய இருந்த ஆட்கள் முன்னால் சொன்னது நீங்கள்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நான் கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறவள். விழுப்புரம், திண்டிவனம் பஸ்களில் வந்து இறங்கும் நோயாளிகளிடம், இது சாப்பாட்டுக்கு முன்னால், இது சாப்பாட்டுக்குப் பின்னால் என்று நாள் முழுக்க இரண்டு இரண்டு முறை சொல்வது என் வேலை. இதையும் அப்படித்தான் எழுதப் போகிறேன். நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களும் படிக்க வேண்டும் என்பதால் முதலில் இருந்து வருகிறேன்.

என் அம்மாவின் அண்ணன் நீங்கள். பெரிய மார்க்கெட் பக்கத்தில் துணிக்கடை. பள்ளிவாசல் ஜமாஅத் கமிட்டியில் எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து இருக்கிறீர்கள். எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளையைப் பார்ப்பது முதல் தால்சாவில் கத்திரிக்காய் வெந்ததா என்று பார்ப்பது வரை நீங்கள்தான். என் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அவரை ஒரே ஒரு முறை டீ கொடுக்கும்போது பார்த்தேன். அதுவும் டம்ளரைத்தான் அதிகம் பார்த்தேன். நீங்கள் வந்து கேட்டீர்கள். நீங்கள் கேள்வியை முடிப்பதற்கு முன்பே நான் "சம்மதம்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு அத்தை அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்.

என் கல்யாணம் கெட்டுப் போகவில்லை. தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு ஐஸ் வண்டி ஓட்டுகிற என் கணவர் நல்ல மனிதர். கோபம் வந்தால் வண்டியைக் கழுவுவார், அவ்வளவுதான். ஆனால் எனக்கு நன்றாக அமைந்ததுதான் உங்களுக்குத் தைரியம் கொடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். என்னைக் காட்டித்தானே என் தங்கையை மடக்கினீர்கள்? "உங்க அக்காவ பாரு, ஒரு வார்த்த பேசுனாளா? இன்னிக்கு நல்லா இல்லயா?" நான் அதே அறையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தலையாட்டலுக்கு நான் வெட்கப்படுகிறேன்.

என் தங்கைக்கு இருபத்து மூன்று வயது. சாரம் பகுதியில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து இருக்கும் வீட்டில் இருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. குழந்தைகளுக்குக்கூட வலிக்காமல் ஊசி குத்துவாள் என்று பெயர். அவளுக்கு நீங்கள் கொண்டுவந்தது ஒரு நேஷனாலிட்டி மாப்பிள்ளை. பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர் இது, வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. அவன் தாத்தா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அதனால் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. பாரிசுக்கு வெளியே ஏதோ ஓர் ஊரில் இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு சரக்குக் கிடங்கில் வேலை, வயது முப்பத்தொன்று. நேஷனாலிட்டி என்ற அந்த ஒரு வார்த்தை போதும், நம் தெருக்களில் மற்ற எந்தக் கேள்வியும் எழாது. குடிக்கிறானா, கோபக்காரனா, அங்கே யாராவது இருக்கிறாளா, ஒன்றும் கிடையாது. நேஷனாலிட்டி. முடிந்தது.

அவள் வேண்டாம் என்று சொன்னாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நிக்காஹ் நாளுக்கு முன்பே சொன்னாள். முதலில் அம்மாவிடம்.

"எனக்கு அவர தெரியாதும்மா."

"தெரிஞ்சிக்கத்தானடி கல்யாணம்."

"எனக்கு இப்ப வேணாம்."

அம்மா அவள் போனை வாங்கி ஒரு மணி நேரம் பார்த்தார். ஆய்வகத்தின் வேலை நேரம், தோழிகள் அனுப்பிய ஜோக்கு, பூனைப் படம். வேறு ஒன்றும் இல்லை. அதில்தான் அம்மாவுக்குக் கோபமே வந்தது.

"யாருடி அவன்?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்லன்னா அப்புறம் உனக்கு இன்னா நோவு?"

ஒருத்தன் இருந்திருந்தால் உங்கள் எல்லோருக்கும் புரிந்திருக்கும். அடித்திருப்பீர்கள், பூட்டி வைத்திருப்பீர்கள், அழுதிருப்பீர்கள். அதற்கெல்லாம் உங்களிடம் வழி இருக்கிறது. ஒருத்தனும் இல்லாமல் ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு என்ன செய்வது என்று உங்களுக்குத் தெரியவில்லை. அதனால் அதைக் காதில் வாங்காமல் விட்டுவிட்டீர்கள்.

பிறகு உங்களிடமே சொன்னாள். எங்கள் வீட்டு ஹாலில், நீங்கள் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தபோது.

"மாமா, நீங்களே பாருங்க. நான் யாரையும் பாத்து வெச்சிக்கல. ஆனா காமிச்சிட்டு கேளுங்க. ஒரு ஆறு மாசம் போன்ல பேசறேன். அப்புறம் சொல்றேன்."

"ஆறு மாசம் பேசறதுக்கு இது இன்னா போஸ்டல் கோர்ஸா?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போதைய பிள்ளைகளுக்கு வீட்டில் பார்க்கும் கல்யாணமே பிடிக்கவில்லை, போன் கெடுத்துவிட்டது, காலேஜ் கெடுத்துவிட்டது என்று நீங்கள் கமிட்டியில் பேசுகிறீர்களாம். அது தவறு. எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் பார்க்கட்டும் என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் மகளே ஒரு நாள் எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே என் தங்கையிடம் சொன்னாள்.

"எனக்குலாம் நேஷனாலிட்டி கெடச்சா கண்ண மூடிக்கிட்டு போய்டுவேன்க்கா. ஆளு எப்டி இருந்தா இன்னா? நாட்டத்தான பாக்கணும்."

"நாடா ராத்திரி வீட்டுக்கு வந்து சோறு போடுன்னு கேக்கும்?" என்றாள் என் தங்கை.

"அய்ய, கேட்டா போட்டுட்டுப் போ."

"உனக்கு ஓகேன்னா நீ ஓகே சொல்லு. உன்ன கேப்பாங்கல்ல, அப்ப சொல்லு. எனக்கு ஓகே இல்ல. என்னயும் கேக்கணும்ல."

அவ்வளவுதான் அவள் கேட்டது. உங்கள் மகள் சரி என்று சொல்லும் உரிமைக்காகவும் அவள்தான் பேசினாள். மார்க்கம் கொடுத்ததைத்தான் கேட்டாள். வெள்ளைக்காரன் சட்டம் எதையும் கேட்கவில்லை. பெண்ணின் சம்மதம் இல்லாமல் நிக்காஹ் கிடையாது என்று மதரஸாவில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நம் ஆட்கள்தான். அவள் அதை நம்பினாள். உங்களுக்கு அது மனப்பாடத்துக்கு மட்டும்.

ஏற்பாடு இப்படி இருந்தது. மாப்பிள்ளைக்கு ஆறு வாரம் லீவு. முதலில் நிக்காஹ் மட்டும் செய்து காகித வேலையைத் தொடங்கிவிடுவது. விசா வந்த பிறகு பெண்ணை வழியனுப்புவது. அதுவரை அவள் எங்கள் வீட்டில். "காயிதத்துக்காகத்தாம்மா, இப்பவே யாரு உன்ன கூட்டிட்டுப் போகப்போறா?" என்று நீங்கள் அவளிடம் சொன்னதை நான் கேட்டேன். பிறகு அதே நிக்காஹ் கல்லில் வெட்டியதாகிவிட்டது.

நிக்காஹ் நாள். மண்டபத்தில் கீழே ஆண்கள், மாடியில் ஓர் அறையில் பெண்கள். அறையில் ஏசி ஓடவில்லை. பூ, அத்தர், வியர்வை எல்லாம் சேர்ந்து மூச்சு முட்டியது. என் தங்கை நாற்காலியில் முகத்தில் பூச்சரம் தொங்க உட்கார்ந்திருந்தாள். கைகள் இரண்டும் மடியில். மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது. அதை எல்லோரும் வந்து வந்து பாராட்டினார்கள்.

நம் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெண்ணின் அத்தா, அதாவது தகப்பனார், கீழே மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பார். பெண்ணிடம் சம்மதம் கேட்டு வர ஒருவர் மாடிக்கு வருவார். அவருக்கு வக்கீல் என்று பெயர். கூட இரண்டு சாட்சிகள். மூன்று பேரும் பெண் சொன்னதைக் காதால் கேட்டு, கீழே போய்ச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத் நிக்காஹ் ஓதுவார். மொத்தக் கல்யாணத்திலும் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்கப்படுவது அப்போதுதான். வக்கீல் நீங்கள். சாட்சிகளில் ஒருவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. இன்னொருவர் உங்கள் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர்.

நீங்கள் கேட்டீர்கள். இன்னாருடைய மகன் இன்னாருக்கு, இவ்வளவு மஹர் பணத்துக்கு உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா?

அவள் பேசவில்லை.

"வெக்கம்," என்றாள் ஒருத்தி.

இரண்டாவது முறை கேட்டீர்கள். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பூச்சரத்துக்கு நடுவே ஒரு கண்தான் தெரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "சொல்லும்மா" என்று அவள் தோளைத் தட்டினேன். இந்தக் கையால்தான்.

மூன்றாவது முறை கேட்டீர்கள். அவள் சொன்னாள். "மாமா, ஒரு நிமிஷம்."

சத்தமாகச் சொல்லவில்லை. முணுமுணுக்கவும் இல்லை. சாதாரணமாகச் சொன்னாள். ஊசி போடும்போது "கைய மூடுங்க" என்று சொல்வாளே, அந்தக் குரல். உங்களுக்கும் அவளுக்கும் நடுவே இரண்டு அடிகூட இல்லை. நீங்கள் நிமிர்ந்து சாட்சிகளைப் பார்த்தீர்கள். "ஆச்சு, ஆச்சு, சொல்லிட்டா. வாங்க" என்று திரும்பினீர்கள். சித்தப்பா ஒரு நொடி நின்றார். அவருக்கும் கேட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நீங்கள் அவர் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனீர்கள்.

நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அவள் "அக்கா, நான் இன்னும் சொல்லல" என்றாள். நான் படிக்கட்டு வரைக்கும் போனேன். அதற்குள் மைக்கில் உங்கள் குரல். பெண் சம்மதம் தெரிவித்துவிட்டாள். பிறகு ஹஜ்ரத்தின் குரல். பிறகு மாப்பிள்ளையின் குரல், ஒப்புக்கொண்டேன் என்று. கீழே கற்கண்டும் பேரீச்சம்பழமும் வீசினார்கள். மாடியில் தாலி போலக் கட்டும் கருகமணியைக் கொண்டுவந்து அவளுக்குக் கட்டினார்கள்.

அதன் பிறகு பதிவேடு வந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். இதை நான் மறைக்கவில்லை. பந்தியில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள், நீ போட்டால்தான் சாப்பாடு, அத்தாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று அம்மா அவள் விரலில் பேனாவைச் செருகினார். போட்டாள். ஆனால் எது முதலில், எது பிறகு என்று பாருங்கள். நிக்காஹ் ஓதி முடிந்த பிறகு வாங்கிய கையெழுத்து அது.

இரண்டு வாரம் கழித்து நோட்டுப் புத்தகம் வந்தது.

கல்யாணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்றால் கடற்கரைப் பக்கம் இருக்கிற அவர்களுடைய அலுவலகத்தில் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். விசாவுக்காக நடந்த பொய்க் கல்யாணமா, நிஜமா என்று பார்க்க. இருவர் பதிலும் ஒத்துப்போக வேண்டும். நீங்கள் இதில் கைதேர்ந்தவர். கோடு போட்ட நோட்டில் கேள்விகளை எழுதி வைத்திருந்தீர்கள். தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் உங்கள் வீட்டில் என் தங்கைக்குப் பாடம்.

"மாப்பிள்ளைக்குப் புடிச்ச சாப்பாடு?"

"கோழி."

"கோழின்னா? வறுத்ததா, கொழம்பா? அவன் வறுத்ததுன்னு சொல்லி நீ கொழம்புன்னு சொன்னா கத கந்தல்."

"வறுத்தது."

"கூடப் பொறந்தவங்க?"

"ரெண்டு தம்பி, ஒரு தங்கச்சி."

"தங்கச்சி இன்னா படிக்குது?"

"அழகு நிலையத்துல வேல பாக்குது."

"கரெக்ட். மொதமொதல்ல எங்க பாத்தீங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாடி பாக்கல மாமா. போட்டோதான்."

"பாத்தேன்னு சொல்லணும். பீச்சுல. குடும்பத்தோட."

உங்கள் மகள் கதவோரம் நின்று, "அக்கா பத்தாவது பரிட்சைக்குக்கூட இவ்ளோ படிக்கல அத்தா. மச்சான் செருப்பு சைசு இன்னும் கேக்கலியே" என்றாள். நீங்கள் கோபித்துக்கொள்ளாமல் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். மறுநாள் அவன் செருப்பு அளவு வந்தது. என் தங்கை அதையும் படித்தாள். ஒரு கணவனைப் பற்றி இவ்வளவு தகவல் தெரிந்த பெண் இந்த ஊரில் யாரும் இருக்க மாட்டாள். அவனோடு அவள் அதுவரை பேசியது இரண்டே முறை. இரண்டாவது முறை, "உங்கள கேட்டாங்களா, இந்தக் கல்யாணம் புடிச்சிருக்கான்னு?" என்று இவள் கேட்டிருக்கிறாள். அவன் சிரித்துவிட்டு, "என்ன எதுக்குக் கேக்கணும், டிக்கெட் போட்டுட்டு வான்னாங்க, வந்தேன்" என்றானாம். முப்பத்தொரு வயது ஆணுக்கு இதைச் சொல்லும்போது வெட்கம் வரவில்லை. அவனுக்கும் வாய் இருக்கிறது. அவனையும் நான் விடமாட்டேன், ஆனால் இன்று பேச்சு உங்களோடு.

நீங்கள் செய்த தவறு என்ன என்று உங்களுக்கு இன்றுவரை புரிந்திருக்காது. அந்த நோட்டில் ஐந்து பக்கம் கேள்வி எழுதினீர்கள். அவள் மாமியார் வீட்டுத் தெரு, அவன் தாத்தாவின் படைப்பிரிவு, நிக்காஹ் அன்று மழை பெய்ததா, சாப்பாட்டில் என்ன இனிப்பு. ஒரே ஒரு கேள்வியை எழுதவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே உங்கள் மண்டையில் ஏறவில்லை.

விசாரணை அன்று நான் லீவு போட்டு அவளோடு போனேன். வெளியே மரத்தடியில் நீங்கள், நான், அம்மா. மாப்பிள்ளை முதலில் போய்ச் சீக்கிரம் வெளியே வந்துவிட்டான். "ஈசி மாமா" என்றான். பிறகு இவள் போனாள். வரவேயில்லை. நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "செருப்பு சைச மறந்துட்டாளோ" என்றீர்கள்.

உள்ளே நடந்ததை அவள் பிறகு என்னிடம் சொன்னாள். ஒரு பிரெஞ்சுக்கார அம்மா உட்கார்ந்திருந்தாராம். தமிழில் மாற்றிச் சொல்ல இன்னொரு பெண். கதவைச் சாத்திவிட்டார்கள். மாப்பிள்ளையின் வேலை, வீடு என்று இரண்டு மூன்று கேள்வி. எல்லாம் நோட்டில் இருந்தது. பிறகு அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ கேட்டார். பக்கத்தில் இருந்த பெண் தமிழில் சொன்னாள். "இந்தக் கல்யாணத்துல உங்களுக்கு விருப்பமா?"

என் தங்கை பேசவில்லை. அவர்கள் அதை வெட்கம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். "அவசரம் இல்ல, யோசிச்சி சொல்லுங்க" என்றார்கள். அவள் தண்ணீரைக் குடித்தாள். டம்ளரை வைத்தாள். "இல்ல" என்றாள்.

யாரோ வேற்று மதத்துக்காரி, வேற்று நாட்டுக்காரி, காகிதத்துக்காகக் கேட்ட கேள்வி. தன்னுடைய மாமா மார்க்கத்துக்காகக் கேட்டதை விட அதில் பதில் சொல்ல இடம் இருந்தது. வெள்ளைக்காரர்கள் மேல் எனக்கு ஒரு மரியாதையும் கிடையாது. விசாவுக்கு நம்மை நாயாக அலைய வைக்கிறவர்கள். அவர்கள் முன்னால் போய் நம் மானம் போனது உங்களால்.

காகிதம் நின்றுபோனது. செய்தி தெரிந்த அன்று மாலை நீங்கள் சாரத்துக்கு வந்தீர்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அத்தா சாய்வு நாற்காலியில் இருந்தார். என் கணவர் அப்போதுதான் துறைமுகத்தில் இருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையன் வாழ்க்கைய நாசமாக்கிட்டியே! அன்னிக்கு சம்மதம்னு சொல்லிட்டு இன்னிக்கு அங்க போய் இல்லன்றியா?"

"நான் சம்மதம்னு சொல்லல மாமா. ஒரு நிமிஷம்னு சொன்னேன்."

"ஒரு நிமிஷம்னு சொன்னா வேணாம்னு அர்த்தமாடி?"

என் கணவர் குழாயை மூடினார். "அப்ப உங்களுக்கு கேட்டுச்சா மாமா?" என்றார், மெதுவாக.

அத்தா முதன்முறையாக உங்களை நிமிர்ந்து பார்த்தார். நீங்கள் அம்மாவிடம் திரும்பி, "பொண்ண வளத்திருக்க பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அவள் ஒரு நிமிஷம் கேட்டதை நீங்கள் வாயால் ஒப்புக்கொண்டபோது கேட்டவர்கள் ஐந்து பேர். அத்தா, அம்மா, நான், என் கணவர், என் தங்கை.

இப்போது பொய்யின் இடத்துக்கு வருகிறேன்.

கமிட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடியது. அத்தாவைக் கூப்பிட்டார்கள், உங்களைக் கூப்பிட்டார்கள், மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டார்கள். என் தங்கையைக் கூப்பிடவில்லை. அவள் தெருவில் ஸ்கூட்டியில் உட்கார்ந்து காத்திருந்தாள், ஒருவேளை கூப்பிட்டால் போகலாம் என்று. என்னையும் கூப்பிடவில்லை. நான் அந்த அறையில் அவளை ஒட்டி நின்றவள். "பொம்பளைங்க ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க" என்றார்களாம்.

உள்ளே உங்களிடம் கேட்டார்கள். பெண் என்ன சொன்னாள்? நீங்கள் சொன்னீர்கள்: "ஒண்ணும் சொல்லல. வெக்கப்பட்டு உக்காந்திருந்தா." கல்யாணம் ஆகாத பெண் வெட்கத்தில் பேசாமல் இருந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் பின்னால் போய் ஒளிந்துகொண்டீர்கள். மண்டபத்தில் "சொல்லிட்டா" என்றீர்கள். எங்கள் வீட்டில் "ஒரு நிமிஷம்னு சொன்னா வேணாம்னு அர்த்தமா" என்றீர்கள். கமிட்டியில் "ஒண்ணும் சொல்லல" என்றீர்கள். மூன்று இடத்தில் மூன்று பேச்சு. மூன்றும் உண்மையாக இருக்க முடியாது. சாட்சிகள் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு, வக்கீல் சொல்வதே எங்கள் சொல் என்றார்களாம்.

முடிவு இது. நிக்காஹ் செல்லும். பெண்ணுக்கு வேண்டாம் என்றால் அவளே குலா என்ற மணவிலக்கைக் கேட்டுப் பிரிந்துகொள்ளலாம். அதற்கு ஒரு தாள் தயாராக இருந்தது. "நான் மனமொப்பி நிக்காஹ் செய்துகொண்டு, இப்போது என் சொந்தக் காரணங்களால் பிரிய விரும்புகிறேன்." அத்தா அதைச் சட்டைப் பையில் மடித்து எடுத்துவந்தார்.

என் தங்கை படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"கையெழுத்து போட்டுட்டா விட்டுருவாங்கம்மா," என்றார் அத்தா. "முடிஞ்சிரும்."

"மனமொப்பின்னு போட்டிருக்கே அத்தா."

"ஒரு வார்த்ததானம்மா."

"அந்த ஒரு வார்த்தய நான் சொல்லவே இல்லயே. சொல்லாத வார்த்தைய சொன்னேன்னு எழுதிக் குடுத்துட்டு, அப்புறம் விடுதலன்னா எப்டி? நான் ஒத்துக்கிட்டு ஓடி வந்தவ இல்ல. ஒத்துக்கவே இல்ல."

எங்கள் அத்தா அழுது நான் பார்த்ததில்லை. அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் வேலைக்குப் போகிறாள், வருகிறாள். தெருவில் அவளைப் பார்த்தால் சில பெண்கள், பெரிய மனுஷி போகிறாள் என்று காதில் விழும்படிச் சொல்கிறார்கள். போன வாரம் ரத்தம் எடுக்க வந்த ஒரு அம்மா, "நீதான அந்தப் பொண்ணு?" என்று கேட்டு வேறு ஆளைக் கூப்பிடச் சொன்னாராம். பதிவேட்டின்படி அவள் இன்னும் ஒருத்தனின் மனைவி. அவன் திரும்பி பிரான்சுக்குப் போய்விட்டான். பெரியவர்கள் முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டான்.

நான் ஹஜ்ரத்தைப் போய்ப் பார்த்தேன். அத்தாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நேர்மையாகப் பேசினார். "அந்தப் பொண்ணு நேரம் கேட்டுச்சுன்னா அது சம்மதம் ஆவாது. பேசாம இருந்ததுன்னும் சொல்ல முடியாது. ஆனா நான் மாடிக்கு வரலம்மா. வக்கீல் சொன்னததான் நான் ஓதினேன், அததான் எழுதினேன். அவர் வாயால மாத்தி சொன்னா கமிட்டி மறுபடி எடுத்துதான் ஆவணும்." பூட்டின் சாவி உங்கள் வாயில் இருக்கிறது, மாமா. வேறு யாரிடமும் இல்லை.

உங்கள் காலில் விழ அத்தா வந்தார். நீங்கள் கடையில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னீர்கள். நான் போன் செய்தேன். எடுக்கவில்லை. குடும்ப விஷயத்தைக் குடும்பத்துக்குள் பேசலாம் என்று ஆள் அனுப்பினீர்கள். குடும்பத்துக்குள் பேசியபோதுதானே உண்மை சொன்னீர்கள்? வெளியே போய்த்தான் மாற்றினீர்கள். அதனால் இனிமேல் பேச்சு வெளியேதான்.

என் தங்கை வேண்டாம் என்றாள், இதை எழுதாதே, மாமாவுக்கு அசிங்கம் என்று. இன்னும் உங்களுக்காகத்தான் யோசிக்கிறாள் அவள். படித்துக் காட்டினேன். தோளைத் தட்டினேன் என்று நான் எழுதிய இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "சரி, எல்லாரும் படிக்கட்டும், குடு" என்றாள்.

நீங்கள் கமிட்டியின் மூடிய அறையில் சொன்னதை நான் ஏற்கவில்லை. சம்மதம் என்று நீங்கள் அறிவித்தது மைக்கில், ஊர் முன்னால். திருத்துவதும் ஊர் முன்னால்தான் நடக்க வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும், ஆட்கள் எழுந்து போவதற்கு முன்னால், நீங்களும் அந்த இரண்டு சாட்சிகளும் எழுந்து நில்லுங்கள். உள்ளே வர எங்களுக்கு இடம் இல்லை. நானும் என் தங்கையும் பள்ளிவாசலுக்கு எதிரே ரோட்டில் நிற்போம். ஸ்பீக்கர் தெருமுனை வரைக்கும் கேட்கும். அவள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் விளக்க வேண்டாம். வெட்கத்தைப் பற்றியும் வளர்ப்பைப் பற்றியும் பேச வேண்டாம். மூன்றாவது முறை நீங்கள் கேட்டபோது அவள் வாயில் இருந்து எந்த வார்த்தை வந்தது? மைக்கைப் பிடித்து அதை மட்டும் சொல்லுங்கள்.